மரம் வைத்தவர்களும் மனை கொடுத்தவர்களும்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அரையாண்டுத் தேர்வு முடிகிறது. ஆவடியிலும் அம்பத்தூரிலும் வீட்டு மாடிகளில் காகித நட்சத்திரங்கள் ஒளிரத் தொடங்குகின்றன. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் விமான நிலையம் நோக்கிச் செல்லும் வாடகைக் கார்களின் கூரைகளில் பெட்டிகள் ஏறுகின்றன. வசதி வாய்த்த முஸ்லிம் குடும்பங்கள் சில, பிள்ளைகளின் பத்து நாள் விடுமுறையைத் துபாயிலோ கோலாலம்பூரிலோ மாலத்தீவிலோ கழிக்கப் புறப்படுகின்றன. "முஸ்லிம் நாடு, உணவைப் பற்றிக் கவலை இல்லை, தொழுகைக்கு இடம் தேட வேண்டியதில்லை" என்பது அவர்கள் சொல்லும் காரணம். போய்ச் சேர்ந்த மறுநாளே அலைபேசியில் படங்கள் வருகின்றன. வணிக வளாகத்தின் நடுவே மூன்று மாடி உயரக் கிறிஸ்துமஸ் மரம். அதன் அடியில் நம் வீட்டுப் பிள்ளைகள்.

அதன்பின் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் விவாதம் தொடங்கும். "முஸ்லிம் நாட்டிலேயே இப்படியா?" என்று ஒருவர் வருந்துவார். "இதுதான் நல்லிணக்கம்" என்று மற்றொருவர் மகிழ்வார். இருவரும் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கடந்து சற்றுப் பார்க்கலாம் என்பது நம் எண்ணம். ஒரு முஸ்லிம் நாடு தன்னிடம் வந்த கிறிஸ்தவருக்கு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதை அளக்க அலங்கார மரம் உதவாது. அதற்கு நிலப் பத்திரம் வேண்டும்.

முதலில் மரத்தைப் பேசி முடித்துவிடுவோம். ஊசியிலை மரத்தை வீட்டுக்குள் வைத்து அலங்கரிக்கும் வழக்கம் ஜெர்மானிய நாடுகளில் தோன்றியது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் ஜெர்மனியைச் சேர்ந்தவர். 1840களில் அரச குடும்பத்தைப் பார்த்து இங்கிலாந்து அதைப் பற்றிக்கொண்டது. அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஈஸா (அலை) அவர்கள் பிறந்த மண்ணுக்கும் அந்த மரத்துக்கும் தொடர்பு இல்லை. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம், மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் ஒரு பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியதையும், காலடியில் ஓடிய நீரையும், உலுக்கினால் உதிர்ந்த பழங்களையும் சொல்கிறது. பனி பெய்யாத நாட்டின் காட்சி அது. துபாயில் குளிரூட்டிய வளாகத்துக்குள் பிளாஸ்டிக் ஊசியிலை மரம் நிற்க, வெளியே சாலையோரம் நிஜமான பேரீச்ச மரங்கள் கவனிப்பாரின்றி நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

குளிர்காலத்தில் வெப்பம் தேடி முஸ்லிம் நாடுகளுக்குப் போகும் வழக்கத்தை உண்டாக்கியவர்கள் ஐரோப்பியர். இங்கிலாந்தின் தாமஸ் குக் 1869இல் தம் முதல் குழுவை எகிப்துக்கு அழைத்துச் சென்றார். அடுத்த சில பத்தாண்டுகளில் நைல் நதிப் படகுகளிலும் கெய்ரோவின் விடுதிகளிலும் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது செல்வந்தர்களின் வழக்கமாயிற்று. லக்சரில் 1907இல் திறக்கப்பட்ட பெரிய விடுதியின் பெயரே 'குளிர்கால அரண்மனை'. அந்த விருந்துகளில் பரிமாறிய எகிப்தியப் பணியாளர்கள் முஸ்லிம்களாகவோ காப்டிக் கிறிஸ்தவர்களாகவோ இருந்திருப்பார்கள். காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு டிசம்பர் 25 பண்டிகையே இல்லை. அவர்களுக்கு அது ஜனவரி 7. விருந்துண்டவர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பது ஐயமே.

மாலத்தீவு இந்த வரிசையில் பிந்தி வந்தது. 1972இல் 'குரும்பா' என்ற முதல் விடுதி அங்கே திறக்கப்பட்டது. திவேகி மொழியில் குரும்பா என்றால் இளநீர்த் தேங்காய்; நம் தமிழில் குரும்பை என்பதும் தென்னை, பனையின் இளங்காயைத்தான். சொல் ஒன்றாக இருப்பது நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த நாட்டில் விடுதித் தீவுகள் வேறு, மக்கள் வாழும் தீவுகள் வேறு. விடுதித் தீவில் கிறிஸ்துமஸ் விருந்தும் மரமும் பாட்டும் விலைக்குக் கிடைக்கும். அதே நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர் குடிமகனாக முடியாது என்கிறது. பிற சமயத்தவரின் பொது வழிபாட்டுக்கு அங்கே இடமில்லை. அங்கே துணி துவைக்கவும் கட்டடம் கட்டவும் போன கிறிஸ்தவத் தொழிலாளிக்கு ஒரு தேவாலயம் கிடையாது. பணம் கொடுக்கும் விருந்தாளிக்கு மரம் உண்டு. உழைக்க வந்தவனுக்கு வழிபட மனை இல்லை. இதைச் சொல்லத் தயங்கினால் நாம் எழுதும் மற்றவற்றுக்கும் மதிப்பு இருக்காது.

வளைகுடாவின் கதை வேறு. அங்கே மனை கொடுக்கப்பட்டது; எண்ணெய்ப் பணம் பெருகுவதற்கு முன்பே கொடுக்கப்பட்டது.

பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் 1939இல் கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்று எழுந்தது. அதற்கான நிலத்தை அன்றைய ஆட்சியாளர் ஷேக் ஹமத் பின் ஈஸா அல் கலீஃபா வழங்கினார். பஹ்ரைனில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. முத்துக்குளிப்பு வீழ்ந்து, அத்தீவு வறுமையின் விளிம்பைக் கண்டு மீண்டிருந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், அதே பெயர் கொண்ட அவர் வழித்தோன்றல் மன்னர் ஹமத் பின் ஈஸா, அவாலியில் இன்னொரு நிலத்தைக் கொடுத்தார். அங்கே கட்டப்பட்ட பேராலயம் 2021 டிசம்பரில் திறக்கப்பட்டது.

அபுதாபியில் ஷேக் ஷக்பூத் கொடுத்த நிலத்தில் புனித சூசையப்பர் ஆலயம் 1965இல் திறக்கப்பட்டது. துபாயில் ஷேக் ராஷித் பின் சயீத் அல் மக்தூம் 1966இல் நிலம் அளித்தார். மறு ஆண்டே ஊத் மேத்தா பகுதியில் புனித மரியன்னை ஆலயம் எழுந்தது. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு பிறந்தது 1971இல்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நாட்டுக்கு ஒரு கொடி அமைவதற்கு முன்பே அங்கே தேவாலயத்துக்கு நிலம் இருந்தது. ஓமனில் சுல்தான் காபூஸ் வழங்கிய நிலத்தில் ரூவி தேவாலயம் 1977இல் வந்தது. கத்தர் பிந்தியது, தோஹாவில் அமீர் கொடுத்த நிலத்தில் 2008இல்தான் முதல் தேவாலயம் திறக்கப்பட்டது.

இந்தத் தேவாலயங்களை நிரப்பியவர்கள் யார்? ஐரோப்பியச் சுற்றுலாக்காரர்கள் என்று நினைத்தால் தவறு. அங்கேதான் நம் மேற்குப் புறநகர் கதைக்குள் வருகிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் நிறுவப்பட்டது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. லேத்தும் வெல்டிங்கும் ஃபிட்டர் வேலையும் தெரிந்த ஒரு தலைமுறை இங்கே உருவானது. 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியபோது வளைகுடாவுக்குத் தேவைப்பட்டவர்கள் இத்தகையவர்களே. ஒரே தெருவிலிருந்து ஓர் இப்ராஹீமும் ஒரு அந்தோணியும் ஒரு முருகனும் ஒரே முகவரிடம் பணம் கட்டி, ஒரே முகாமில் இரண்டடுக்குக் கட்டிலில் படுத்த காலம் அது. பெயர்களை அடையாளத்துக்காகச் சொல்கிறோம். ஆனால் நம் பகுதியில் நாற்பது வயது கடந்த எவரும் இத்தகைய மூவரையாவது அறிந்திருப்பார்கள்.

அந்த அந்தோணிக்கு வளைகுடாவில் கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது? அமீரகத்தில் டிசம்பர் 25 அரசு விடுமுறை இல்லை. பணி முடித்துக் குளித்து, கடைசிப் பேருந்தில் ஊத் மேத்தா போய், ஆலயத்துக்குள் இடமில்லாமல் முற்றத்தில் நின்று நள்ளிரவுப் பூசை காண வேண்டும். அங்கே ஆங்கிலத்திலும் அரபியிலும் மலையாளத்திலும் கொங்கணியிலும் ஃபிலிப்பினோவிலும் நடப்பதுபோல் தமிழிலும் பூசை நடக்கிறது. இன்னொரு செய்தி நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம். பல பத்தாண்டுகளாக அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகவே கிறிஸ்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைக் கடமையை வெள்ளிக்கிழமையே நிறைவேற்றிக்கொண்டார்கள். முகாமிலிருந்து புறப்படும் ஒரே பேருந்தில் இப்ராஹீம் ஜும்ஆவுக்கும் அந்தோணி பூசைக்கும் போனார்கள். 2022 ஜனவரியில்தான் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றியது.

ஷேக்குகள் நிலம் கொடுத்தது பொருளாதாரக் கணக்குதான், வேலையாட்கள் வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. கணக்கு இல்லை என்று நாமும் சாதிக்கவில்லை. ஆனால் வேலையாட்கள் வேண்டும் என்ற தேவை எல்லா எண்ணெய் நாடுகளுக்கும் ஒன்றாகவே இருந்தது. சவூதி அரேபியாவில் இன்றுவரை ஒரு தேவாலயம் இல்லை. அங்கும் வேலையாட்கள் போகத்தான் செய்தார்கள். எனவே கணக்கோடு வேறொன்றும் இருந்திருக்க வேண்டும். அந்த மண்ணின் பழைய நினைவு அது என்று நாம் கருதுகிறோம்.

அபுதாபிக்கு மேற்கே சர் பனியாஸ் என்றொரு தீவு உண்டு. 1992இல் அங்கே அகழாய்வு செய்தவர்கள் ஒரு கிறிஸ்தவ மடாலயத்தின் அடித்தளத்தைக் கண்டார்கள். கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த துறவிகள் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே வாழ்ந்தனர். அதாவது அரபுத் தீபகற்பம் இஸ்லாத்தை ஏற்றுக்கொண்ட பின்னும் அந்த மடாலயத்தில் மணி ஒலித்தது. வன்முறையால் அழிக்கப்பட்ட தடயம் அங்கே கிடைக்கவில்லை. துறவிகள் ஒரு கட்டத்தில் அமைதியாக விட்டுச் சென்றிருக்கிறார்கள். உம்முல் குவைன் கடற்கரையை ஒட்டிய சினியா தீவில் இதைப் போன்ற இன்னொரு மடாலயம் கண்டுபிடிக்கப்பட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது.

இதற்கும் முன்னே போனால் நாம் எல்லோரும் அறிந்த நிகழ்வுகளுக்கு வந்து சேர்வோம். அறிந்தவைதான், ஆனால் இந்தக் கோணத்தில் ஒருமுறை அடுக்கிப் பார்ப்பது நல்லது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் கி.பி. 615 அளவில் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தார்கள். அங்கே ஆண்டவர் கிறிஸ்தவரான நஜ்ஜாஷி மன்னர். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர் முன் ஓதியது மர்யம் அத்தியாயத்தின் வசனங்கள். மன்னர் கண்கலங்கினார்; குறைஷிகளின் தூதர்கள் கேட்டும் அகதிகளை ஒப்படைக்க மறுத்தார். ஆக, அந்நிய மண்ணில் அடைக்கலம் என்பதை முஸ்லிம்கள் முதலில் பெற்றது ஒரு கிறிஸ்தவரின் கையிலிருந்து.

அந்தக் கடன் மதீனாவில் திருப்பித் தரப்பட்டது. நஜ்ரானிலிருந்து ஏறத்தாழ அறுபது கிறிஸ்தவர்கள் நபி (ஸல்) அவர்களைக் காண வந்தார்கள். அவர்களுடைய வழிபாட்டு நேரம் வந்தபோது மஸ்ஜிதுந் நபவீயிலேயே கிழக்கு நோக்கி நின்று வழிபட்டார்கள். தடுக்க முற்பட்டவர்களை நபி (ஸல்) நிறுத்தினார்கள் என்று சீறா நூலாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சந்திப்பில் கருத்து வேற்றுமை மூடி மறைக்கப்படவில்லை. ஈஸா (அலை) இறைமகனா, இறைத்தூதரா என்ற கேள்வியில் இரு தரப்பும் கடுமையாக வாதிட்டன. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் பகுதிகள் அந்தச் சூழலில் அருளப்பட்டவை. வாதம் முடிவுக்கு வரவில்லை; நஜ்ரான் மக்கள் தங்கள் நம்பிக்கையிலேயே நின்றார்கள். ஆயினும் அவர்களுடைய ஆலயங்களுக்கும் குருமார்களுக்கும் பாதுகாப்பு அளிக்கும் உடன்படிக்கை எழுதப்பட்டது. வரி செலுத்தும் கடப்பாடும் அதில் இருந்தது. ஒத்துப்போகாதவருக்கும் வழிபட இடம் உண்டு என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது. மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் இறைவனின் பெயர் கூறப்படும் இடங்களாக ஒரே மூச்சில் குறிப்பிடும் 22:40ஆம் வசனத்தை நம் மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது தமிழ் முஸ்லிம் ஒருவர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகக்கூடிய நாடுகளில் மிகவும் பழகிய ஒன்றுக்கு வருவோம். மலேசியாவில் டிசம்பர் 25 தேசிய விடுமுறை. மக்கள்தொகையில் ஐந்தில் மூவருக்கும் மேல் முஸ்லிம்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு 'ரஜூலா' கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடிக்கும் வரை ஓடியது. ஒரு வாரக் கடற்பயணத்தை இன்று நான்கு மணி நேர விமானம் முடித்துவிடுகிறது. இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களிடம், ஒரு நாளைப் பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு ஒதுக்கச் சொல்கிறோம்.

அங்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உள்ளது. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவரான காதர் மைதீன் மரைக்காயர் 1801இல் அதை நிறுவினார். அந்தப் பள்ளிக்காகப் பதினெட்டு ஏக்கர் நிலத்தைக் கொடுத்தது யார் தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் துணைநிலை ஆளுநர் ஜார்ஜ் லீத். பதினேழு ஆண்டுகள் கழித்து, அதே சாலையின் வடகோடியில், 1818இல் புனித ஜார்ஜ் ஆலயம் எழுந்தது. இடையில் சீனரின் கருணை அன்னை கோயில். 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில். நடந்தே பதினைந்து நிமிடங்களில் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். நம் முன்னோர் சிறுபான்மையாகப் போய்ச் சேர்ந்த தீவில் ஆண்டவர்களிடமிருந்து பள்ளிவாசலுக்கு மனை பெற்றார்கள். இன்று அவர்களுடைய சமயம் அந்நாட்டின் பெரும்பான்மைச் சமயம். அப்படி இடம் மாறியவர்களுக்குப் பழையது நினைவில் இருக்க வேண்டும் அல்லவா?

சில நேரங்களில் இருப்பதில்லை. கிறிஸ்தவர்கள் தங்கள் மலாய்மொழி இதழில் இறைவனைக் குறிக்க 'அல்லாஹ்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2009 டிசம்பர் 31 அன்று தீர்ப்பளித்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ஆறே நாள். அடுத்த வாரத்தில் பல தேவாலயங்கள் மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. அரபு நாடுகளின் கிறிஸ்தவர்கள் இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பிருந்தே இறைவனை அந்தச் சொல்லால்தான் அழைத்து வருகிறார்கள் என்பது, வீசியவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை. வழக்கு மேல்முறையீட்டில் திரும்பியது. 2021இல் மற்றொரு வழக்கில் உயர்நீதிமன்றம் மீண்டும் கிறிஸ்தவர்கள் பக்கம் நின்றது. பக்கத்து நாடான புருனே, பொது இடங்களில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கே தடை விதித்தது. அலங்காரம் நமக்குப் பெரிதில்லை என்று மேலே சொன்னோம். அதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாம் என்பது வேறு விஷயம்.

நம் வாட்ஸ்அப் விவாதத்துக்கு நேரடியாக விடை தருவது இந்தோனேசியாவின் அனுபவம் என்று தோன்றுகிறது. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளில் முன்னிற்பது அது. கிறிஸ்துமஸ் அங்கும் அரசு விடுமுறை. 1981 மார்ச் மாதம் அந்நாட்டு உலமா சபை ஒரு ஃபத்வா வெளியிட்டது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் முஸ்லிம்கள் கிறிஸ்துமஸ் சடங்குகளில் பங்கேற்க நேர்ந்த சூழலில் எழுந்த கேள்விக்கு, அத்தகைய பங்கேற்பு கூடாது என்பது விடை. சபையின் தலைவர் ஹம்கா. தஃப்ஸீர் எழுதியவர், நாவலாசிரியர், சுகர்னோ காலத்தில் சிறை கண்டவர். ஃபத்வாவைத் திரும்பப் பெறும்படி அரசு நெருக்கியது. ஹம்கா ஃபத்வாவை விடவில்லை, பதவியை விட்டார். இரண்டு மாதங்களில் காலமானார்.

அந்த ஃபத்வாவை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே உண்டு. அடுத்த நிகழ்வையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 24 இரவு இந்தோனேசியாவின் பல ஊர்களில் தேவாலயங்களைக் குறிவைத்துக் குண்டுகள் வைக்கப்பட்டன. கிழக்கு ஜாவாவின் மொஜோகெர்த்தோ ஊரில் எபன் ஹேசர் தேவாலயத்தின் வாசலில் ரியாந்தோ என்ற இருபத்தைந்து வயது முஸ்லிம் இளைஞர் காவல் நின்றிருந்தார். நஹ்தலத்துல் உலமா அமைப்பின் இளைஞர் காவல் படையான 'பான்சர்' அவரை அனுப்பியிருந்தது. ஆலயத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பொதியில் குண்டு இருப்பதை அறிந்ததும், அவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அது அவர் கையருகே வெடித்தது. உள்ளே வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் பிழைத்தார்கள். ரியாந்தோ பிழைக்கவில்லை.

அவர் கிறிஸ்துமஸ் பாடலைப் பாடவில்லை. மரத்தடியில் படம் எடுத்துக்கொள்ளவில்லை. ஹம்கா கோட்டுக்கு வெளியே நின்றார் என்றால் ரியாந்தோவும் அதே கோட்டுக்கு வெளியேதான், வாசலில், நின்றார். அடுத்தவரின் சடங்கில் கலந்துகொள்வதையும், அடுத்தவர் தம் சடங்கை அச்சமின்றிச் செய்யக் காவல் நிற்பதையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரே சண்டையைப் போடுகிறோம். இன்றும் அங்கே கிறிஸ்துமஸ் இரவுகளில் பான்சர் இளைஞர்கள் தேவாலயங்களைக் காக்கிறார்கள். தலைநகர் ஜகார்த்தாவில் இஸ்திக்லால் பள்ளிவாசலும் கத்தோலிக்கப் பேராலயமும் எதிரெதிரே நிற்கின்றன. பண்டிகை நாள்களில் ஒருவர் இடத்தில் மற்றவர் வாகனம் நிறுத்திக்கொள்வார்கள். இரண்டையும் இணைக்கச் சுரங்கப்பாதையும் இப்போது உண்டு. இஸ்திக்லாலை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிரெட்ரிக் சிலாபான் ஒரு புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்.

நம் ஊருக்குத் திரும்புவோம். பூவிருந்தவல்லியில் கோல்கொண்டா ஆட்சிக் காலத்துப் பள்ளிவாசல் உண்டு. அதே ஊரில் 1936இல் தொடங்கிய திருஇருதயக் குருமடமும் உண்டு. பழைய ஊர்களில் இத்தகைய அண்மை இயல்பாக அமைந்துவிட்டது. புதிய நகர்களில்தான் சிக்கல். ஏரியை ஒட்டி மனைப்பிரிவு போடப்படுகிறது. இருநூறு வீடுகள் வருகின்றன. அவற்றில் முப்பது முஸ்லிம் வீடுகள். ஜும்ஆவுக்கு இடம் தேடி ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தால், சில வாரங்களில் யாரோ மனு எழுதுகிறார்கள். இரண்டு தெரு தள்ளி வாடகை மாடியில் ஜெபக்கூட்டம் நடத்தும் போதகருக்கும் இதே நிலைதான். இருவரும் ஒரே அலுவலகத்தின் வாசலில் காத்திருந்து பேச்சுக் கொடுத்துக்கொள்வது நம் பகுதியில் அபூர்வமான காட்சி இல்லை. மனாமாவிலும் துபாயிலும் கொடுக்கப்பட்ட நிலத்தின் மதிப்பு என்னவென்று அந்த வாசலில் காத்திருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த விடுமுறையில் துபாய் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பசுமைத் தடத்து மெட்ரோவில் ஊத் மேத்தா நிலையத்தில் இறங்கலாம். உள்ளே போக வேண்டியதில்லை. டிசம்பர் 24 மாலை எதிர்ச் சாலையோரம் சற்று நின்றால் போதும். சீருடை மாற்றாமலே வேலையிலிருந்து நேராக வருகிற பாதுகாவலர்கள், செவிலியர்கள், ஓட்டுநர்கள் அந்த வாயிலுக்குள் போவதைப் பார்க்கலாம். தமிழ் காதில் விழும். விசாரித்தால் அவர்களில் ஒருவர் பட்டாபிராமாகவோ திருமுல்லைவாயிலாகவோ இருக்கக்கூடும். அபுதாபி போகிறவர்கள் முஷ்ரிஃப் பகுதியில் தேவாலயங்களை ஒட்டி நிற்கும் பள்ளிவாசலில் ஒரு வக்து தொழலாம். 2017இல் அதற்கு 'ஈஸாவின் தாய் மர்யம் பள்ளிவாசல்' என்று பெயர் மாற்றினார்கள்.

ஈஸா (அலை) பிறந்ததாகக் கிறிஸ்தவர்கள் நம்பும் பெத்லகேம் இன்று முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பாலஸ்தீன நகரம். மலை மேல் இருப்பதால் டிசம்பரில் அங்கே குளிர்தான். வெப்பம் தேடிப் போகிறவர்களுக்கு அது உகந்த இடம் இல்லை. நம்மில் பெரும்பாலோர்க்கு அங்கே போகும் வழியும் எளிதாக இல்லை. காஸாவின் துயரத்தால் 2023இல் அவ்வூர்க் கிறிஸ்தவர்கள் கொண்டாட்டங்களை நிறுத்தி, வழிபாட்டை மட்டும் நடத்தினார்கள். சதுக்கத்தில் அந்த ஆண்டு மரம் வைக்கப்படவில்லை. அந்தச் சதுக்கத்தின் ஒரு பக்கம் பிறப்பு ஆலயம்; எதிர்ப்பக்கம் உமர் பள்ளிவாசல். ஜெருசலேமின் திருக்கல்லறை ஆலயத்துக்குள் தொழும்படி தலைமைக்குரு அழைத்தபோது, தாம் தொழுதால் பின்னால் வருகிறவர்கள் அதைப் பள்ளிவாசலாக்க முனைவார்கள் என்று சொல்லி வெளியே வந்து தொழுததாகக் கூறப்படும் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் பெயர் அதற்கு. 1860இல் அது கட்டப்பட்டது. அதற்கான மனையைக் கொடுத்தது கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை.